தாய்ப்பாலும் கொலஸ்ட்ரோல் குளிசையும்

அண்மையில் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்றைப் பிறவற்றோடு சேர்த்துவைக்க மனம் வரவில்லை. வன்னிப் பகுதியிலிருந்து ஓர் அம்மையார் எழுதியது அது. கொப்பித் தாளின் இருபுறமும் நெருக்கி எழுதப்பட்ட அக்கடிதத்தின் சாரத்தை, ஊரும் பேரும் தெரியாதபடி, ஈண்டுத் தருகின்றோம்.

அம்மையாரின் மகளுக்கு வயது இருபத்தொன்பது. தலைப்பிள்ளை பிறந்து ஏழு கிழமைகள். மகளின் தகப்பனார் வயலாலே வந்து திண்ணையில் இருந்தவர், இருந்தபடியே மாரடைப்பாற் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. மூத்த மகனுக்கு முப்பத்தாறாவது வயதிலே இருதயக் குழாயில் அடைப்புக் கண்டு ‘ஸ்டென்ட்’ வைத்திருக்கிறார்கள். அதன் பின்னர் மகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்வித்து, கொலஸ்ட்ரோல் மிகுதி எனக் கண்டு, இரவுதோறும் ஒரு குளிசை எடுக்கும்படி வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார். மகள் கருவுற்றதும் கிளினிக்கிலே அதனை நிறுத்தினார்கள். பிள்ளையும் சுகமாகப் பிறந்தது.

துடக்குக் கழித்த சில நாட்களில், தமையனின் வற்புறுத்தலால் மகள் மீண்டும் இரத்தம் பரிசோதிப்பித்தாள். மொத்தக் கொலஸ்ட்ரோல் 312 என்று வந்தது. வீடு கலங்கியது. அலுமாரியில் பழைய குளிசை உறை கிடந்தது. அதிலிருந்து ஐந்து இரவுகள் ஐந்து குளிசைகள் எடுத்தாள். ஆறாம் நாள் அயல்வீட்டு ஆசிரியை ஒருவர் மருந்துப் பெட்டியினுள்ளிருந்த துண்டுப் பிரசுரத்தை வாசித்து, பாலூட்டும் தாய்மார் இதனை எடுத்தலாகாது என்று அதில் அச்சிட்டிருப்பதைக் காட்டினார். அந்த நிமிடமே குளிசையும் நின்றது, தாய்ப்பாலும் நின்றது. பிள்ளைக்குப் பெட்டிப் பால் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினர். கடிதம் எழுதிய அன்று நான்காம் நாள். மகளின் மார்பு கட்டிக் காய்ச்சலும் காய்ந்தது.

அம்மையார் கேட்டவை மூன்று கேள்விகள். பிள்ளைக்கு நஞ்சு கொடுத்துவிட்டோமா? இனித் தாய்ப்பால் கொடுக்கலாமா? குளிசையை விட்டால் தகப்பனுக்கு நேர்ந்தது மகளுக்கும் நேருமா?

கடிதத்திலே தொலைபேசி எண்ணும் இருந்தமையால் அன்றே அவருடன் பேசினோம். இத்தகைய விடயம் பத்திரிகையில் அச்சேறும்வரை காத்திருக்கத் தக்கதன்று. நாம் வைத்தியரல்லர். ஆகையால், மார்பு கட்டிய காய்ச்சலை அன்றைக்கே வைத்தியருக்குக் காட்டும்படியும், குளிசை உறையையும் பரிசோதனைத் தாளையும் கிளினிக்குக்குக் கொண்டுபோகும்படியும் முதலிற் சொன்னோம். ஏனையவற்றை விசாரித்தும் படித்தும் அறிந்தபடி இங்கே எழுதுகின்றோம். இளம் வயதிலேயே கொலஸ்ட்ரோல் குளிசை எடுக்கும் பெண்கள் இப்போது நம் ஊர்களில் அரியரல்லர். இந்தக் கலக்கம் வேறு வீடுகளிலும் நேரக்கூடியது.

முதற் கேள்விக்கு விடை, இல்லை என்பதே. அந்த ஐந்து குளிசைகளாற் பிள்ளைக்கு நஞ்சு ஏறவில்லை. உறையில் எழுதியிருந்த பெயர் அட்டோர்வாஸ்டாட்டின். ஒரு வேளை மருந்தில் இரத்தத்திலே நிற்கும் அளவு ஏறக்குறைய 14 மணித்தியாலத்துக்கொருமுறை பாதியாகக் குறையும். ஐந்து முறை பாதியானால் மிஞ்சுவது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அதற்கு மூன்று நாட்கள் போதும். நாம் பேசிய வேளையிலே தாயின் உடலில் அம்மருந்து பெயருக்கும் இருந்திராது. அது இருந்த நாட்களிலும் பாலிற் சென்றிருக்கக்கூடிய அளவு மிகச் சிறிது. இதனைக் கேட்டதும் மறுமுனையில் அம்மையார் சிறிது நேரம் பேசவேயில்லை.

அப்படியாயின் ஏன் அந்தத் துண்டுப் பிரசுரம் அவ்வாறு எச்சரிக்கின்றது? அச்சிட்டவர் வீணாகப் பயமுறுத்தினரா? அதுவும் அன்று. இதனை விளங்கிக்கொள்ளக் கொலஸ்ட்ரோல் என்பது யாது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கொலஸ்ட்ரோல் என்றதும் அது ஏதோ உடலுக்குள் வந்து சேர்ந்த அழுக்கு என்று எண்ணுவோர் பலர். உண்மை வேறு. மெழுகு போன்ற அப்பொருளின் பெரும் பகுதியை நம் உடல்தானே ஆக்கிக்கொள்கின்றது. அவ்வாக்கத்தில் ஈரலின் பங்கு பெரிது. உடலின் ஒவ்வொரு கலத்தின் சுவருக்கும் அது வேண்டும். பித்த நீருக்கும், ஆண்மை பெண்மைச் சுரப்புகளுக்கும், விற்றமின் டீ-க்கும் அதுவே மூலப்பொருள். வளர்ந்த மனிதனின் மூளை அவன் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கே. ஆயினும் உடலிலுள்ள கொலஸ்ட்ரோலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அங்கேயே இருக்கின்றது. நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறை பெரும்பாலும் கொழுப்பினால் ஆனது. அவ்வுறை விரைவாக வளரும் காலம் குழந்தைப் பருவமே.

இதற்கேற்பவே தாய்ப்பாலும் அமைந்திருக்கின்றது. ஒரு லீற்றர் தாய்ப்பாலிலே ஏறக்குறைய 100 முதல் 200 மில்லிகிராம் வரை கொலஸ்ட்ரோல் உண்டு. பெட்டிப் பாலில் அது மிகச் சிறிதே. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் இரத்தத்திற் கொலஸ்ட்ரோல் பெட்டிப் பால் குடிக்கும் குழந்தையினதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆயினும், அவ்வாறு வளர்ந்தவர்கள் பெரியவர்களான பின் பார்த்தால், அவர்களின் அளவு மற்றவர்களினதைவிடச் சற்றுக் குறைவாகவே காணப்படுகின்றது. பிள்ளைப் பருவத்தில் தாராளமாகக் கிடைத்த பொருளை உடல் பின்னர் அடக்கியாளப் பழகிக்கொள்கின்றது போலும். பெரியவர்களுக்குப் பகையாகக் கருதப்படும் ஒன்று கைக்குழந்தைக்கு ஆகாரமாகின்றது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இனிக் குளிசைக்கு வருவோம். அதன் வரலாறு சுவையானது. யப்பானியரான அக்கிரா எண்டோ என்னும் உயிரிரசாயன அறிஞர் சங்கியோ என்ற மருந்துக் கம்பனியிற் பணிபுரிந்தபோது, 1971ஆம் ஆண்டிற் பூஞ்சணங்களை ஆராயத் தலைப்பட்டார். பூஞ்சணம் தன் பகையான நுண்ணுயிர்களை விரட்டுவதற்கு, அவற்றின் உயிர்ப்புக்கு வேண்டிய கொழுப்புப் பொருளின் ஆக்கத்தைத் தடுக்கும் சரக்கொன்றை உண்டாக்கக்கூடும் என்பது அவர் ஊகம். இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 6000 பூஞ்சண வகைகளைச் சோதித்தார். ஈற்றில், கியோத்தோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியிலிருந்து எடுத்த நீலப்பச்சைப் பூஞ்சணத்தில் அவர் தேடிய பொருள் கிடைத்தது. நம் வீட்டு அரிசிப் பானையிற் பூஞ்சணம் கண்டால் முற்றத்திற் கொட்டிவிடுவோம். அந்த மனிதர் அதிலிருந்து உலகம் முழுவதும் உண்ணும் மருந்தைக் கண்டெடுத்தார். 2024ஆம் ஆண்டு யூன் மாதத்திலேதான், தமது தொண்ணூறாவது வயதில், எண்டோ காலமானார்.

அம்மருந்தை முதன்முதலிற் பெற்ற நோயாளி யார் என்று பார்த்தால் வியப்பாயிருக்கும். 1978ஆம் ஆண்டில் ஒசாக்காப் பல்கலைக்கழக வைத்தியசாலையிலே சிகிச்சை பெற்ற பதினெட்டு வயதுப் பெண்ணொருத்திக்கே அது கொடுக்கப்பட்டது. பெற்றோர் இருவர் வழியாகவும் வந்த பரம்பரைக் கோளாற்றினால் அவளுடைய கொலஸ்ட்ரோல் ஆயிரத்தளவில் நின்றது. மருந்தினால் அது குறைந்தது. அதேவேளை தசை தளர்ச்சியும் கண்டது. அளவைக் குறைத்துத் தொடர்ந்தார்கள். ஸ்டாட்டின் எடுப்போருக்குத் தசைநோவு வரின் வைத்தியருக்குச் சொல்லவேண்டும் என்று இன்றும் கூறப்படும் புத்திமதியின் தொடக்கம் அங்கேயே இருக்கின்றது.

அதே குடும்பத்தைச் சேர்ந்த லோவாஸ்டாட்டின் 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1994ஆம் ஆண்டில் வெளியான ஸ்கந்திநேவிய நாடுகளின் ஆய்வில் இருதய நோயாளர் 4444 பேர் சேர்க்கப்பட்டிருந்தனர். சிம்வாஸ்டாட்டின் எடுத்தோரிடையே மரணம் நூற்றுக்கு முப்பது அளவிற் குறைந்தது. அதன் பின்னர் இம்மருந்தின் பயனில் ஐயத்துக்கு இடமில்லாது போயிற்று. ஆனால், பாலூட்டும் தாய்மாரை இத்தகைய பெரிய ஆய்வுகளிற் சேர்ப்பதில்லை. அவர்களைக் காக்கும் நோக்கத்துடனேயே அவ்விதி வகுக்கப்பட்டது. அதன் விளைவாக, அவர்கள் மருந்து எடுக்கலாமா என்று கேட்கும்போது சொல்லுவதற்கு விடையே இல்லாமற் போய்விட்டது. இது நமக்கு நியாயமாகப் படவில்லை.

ஸ்டாட்டின் வேலை செய்யும் முறை இது. ஈரலிற் கொலஸ்ட்ரோலை ஆக்கும் படிமுறையில் ஒரு நொதியம் வாயிற்காவலன் போல நிற்கின்றது. குளிசை அதனைத் தடுத்துவிடுகின்றது. தனக்கு வேண்டியது உள்ளே கிடைக்காத ஈரல், இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். என்னும் கொழுப்புத் துணிக்கைகளை அள்ளியெடுக்கின்றது. இரத்தம் தெளிகின்றது. அவ்வாறு அள்ளியெடுக்கும் கைகளை, அதாவது கலங்களின் மேலுள்ள ஏற்பிகளை, கண்டறிந்த பிறவுண், கோல்ட்ஸ்ரீன் என்னும் அமெரிக்கர் இருவருக்கும் 1985ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது எச்சரிக்கையின் காரணம் தெளிவாகும். தாயின் உடலிற் கொலஸ்ட்ரோல் ஆக்கத்தைத் தடுக்கும் பொருள் பாலின் வழியே பிள்ளைக்குச் சென்றால், பிள்ளையின் ஆக்கத்தையும் தடுத்துவிடாதா? மூளையும் நரம்பும் கட்டப்படும் காலத்திற் செங்கற்சூளையை அணைத்தது போலாகாதா? இவ்வச்சம் வெறுங் கற்பனையன்று. கொலஸ்ட்ரோலை ஆக்கும் கடைசிப் படி பிறவியிலேயே பழுதான ஓர் அரிய நோயுண்டு. அக்குழந்தைகளிடம் அறிவு வளர்ச்சிக் குறையும் உறுப்புக் கோளாறுகளும் காணப்படுகின்றன. ஆகவே, மருந்து ஆக்குவோரும் அதிகாரிகளும் தொடக்கத்திலேயே கதவை இறுகச் சாத்தினர்.

ஆயினும் அச்சம் வேறு, அளவு வேறு. தாய்ப்பாலிற் செல்லும் மருந்தை மதிப்பிட ஒரு கணக்கு உண்டு. பிள்ளை தன் நிறையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு மருந்து பெறுகின்றது, தாய் தன் நிறையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு எடுக்கின்றாள் என்று இரண்டையும் ஒப்பிடுவார்கள். பிள்ளையின் பங்கு நூற்றுக்குப் பத்துக்குக் குறைவாயின் பெரும்பாலான மருந்துகளில் அச்சமில்லை என்பது பொதுவிதி. ஸ்டாட்டின் எடுத்த தாய்மார் சிலரின் பாலை அளந்து பார்த்தபோது, ரொசுவாஸ்டாட்டின், பிரவாஸ்டாட்டின் போன்றவற்றிலே அப்பங்கு பத்துக்கு மிகக் கீழேயே நின்றது. அன்றியும் இம்மருந்துகள் வாய்வழியே உட்கொள்ளப்படும்போது முழுவதும் இரத்தத்தை அடைவதில்லை. அட்டோர்வாஸ்டாட்டினில் நூற்றுக்குப் பதினான்கு அளவே வளர்ந்தவரின் இரத்தத்தைச் சேரும். பிறந்து சில நாட்களேயான, அல்லது மாதம் நிறையாது பிறந்த, பிள்ளையின் ஈரல் இன்னும் முதிராதது. ஆதலின் வளர்ந்தவருக்குரிய கணக்கை அப்படியே அதன்மேற் சுமத்தலாகாது. அளக்கப்பட்ட தாய்மாரின் தொகையும் சிறிது. பால் குடித்த பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வு எதுவும் அவ்விடயத்தில் இல்லை.

ஆகவேதான் பெரியோர் கருத்தும் பிளவுபட்டு நிற்கின்றது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கர்ப்பிணிகள் ஸ்டாட்டினை எக்காரணம் கொண்டும் தொடலாகாது என்ற மிகக் கடுமையான எச்சரிக்கையை நீக்கும்படி கேட்டது. கருவுற்றதை அறியாது எடுத்துவிட்ட பெண்கள் வீணாகக் கலங்குவதையும், மாரடைப்பு அபாயம் மிகுந்த சிலருக்கு மருந்து மறுக்கப்படுவதையும் அது கருதியது. ஆயினும், பெரும்பாலோர் கர்ப்பத்தில் நிறுத்துவதே முறை என்றும், ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டு பாலூட்ட வேண்டாம் என்றும், நிறுத்தவே முடியாத தாய் பெட்டிப் பாலை நாடலாம் என்றும் அதே அறிக்கையிற் கூறிற்று. இங்கிலாந்தின் ‘நைஸ்’ எனப்படும் வழிகாட்டு நிறுவனமும், கருத்தரிக்க எண்ணுவதற்கு மூன்று மாதம் முன்பே நிறுத்தி, பாலூட்டி முடிந்த பின்னரே மீண்டும் தொடங்கும்படி சொல்லுகின்றது.

மறுபுறத்தே, அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தார் வைத்திருக்கும் தாய்ப்பால் மருந்துத் தொகுப்பு, பொதுவான கருத்து ‘வேண்டாம்’ என்பதே எனப் பதிவு செய்துவிட்டு, வேறு சிலரின் வாதத்தையும் எடுத்துக் காட்டுகின்றது. பெற்றோர் இருவழியாலும் கோளாறு பெற்ற குழந்தைகளுக்கு ஒரு வயதிலிருந்தே ஸ்டாட்டின் கொடுக்கிறார்களே, பாலிற் செல்லும் துளியளவு அதைவிடக் கொடியதா என்பது அவர்கள் வினா. அத்தகைய கடும் நோயுள்ள தாய்மார் சிலர் ரொசுவாஸ்டாட்டின் எடுத்துக்கொண்டே பாலூட்டியதாகவும், பிள்ளைகளிடம் வெளிப்படையான குறை காணப்படவில்லை என்றும் அத்தொகுப்புக் கூறுகின்றது.

இவ்விரண்டையும் வைத்து நாம் எண்ணுவது இதுதான். கொலஸ்ட்ரோல் சற்றுக் கூடியது என்ற ஒரே காரணத்தினாற் குளிசை தொடங்கிய தாய்க்கு இதில் இழுபறியே இல்லை. குளிசை காத்திருக்கலாம், பால் காத்திராது. இரத்தக் குழாயிற் கொழுப்புப் படிவது பத்து, இருபது ஆண்டுகளாக நிகழும் காரியம். ஓராண்டு, இரண்டாண்டு மருந்தை விட்டிருப்பதால் அவளுடைய ஆயுட்கணக்கிற் பெரிய மாற்றம் நேராது. ஆனால், முன்னரே மாரடைப்பு வந்தவள், ஸ்டென்ட் வைத்தவள், அல்லது இருவழியாலும் பரம்பரைக் கோளாறு பெற்றவள் வேறு வகையினள். அவளிடம் ‘பிள்ளைக்காக மருந்தை விடு’ என்று எவரும் இலகுவாகச் சொல்லிவிடலாகாது. தாயில்லாப் பிள்ளைக்குத் தாய்ப்பாலைப் பற்றிப் பேசுவதிற் பயனென்ன? அங்கே இருதய வைத்தியரும் பிள்ளை வைத்தியரும் தாயும் ஒன்றாக அமர்ந்து, எந்த மருந்து, எவ்வளவு, எப்போது, பிள்ளையை எவ்வாறு கவனிப்பது என்று தீர்மானிக்க வேண்டும். அதன் முடிவு பெட்டிப் பாலாயினும் அதிற் குற்றவுணர்வு கொள்ள ஒன்றுமில்லை.

அம்மையாரின் மகள் இவ்விரு வகைக்கும் நடுவே நிற்பவள். தகப்பனின் அகால மரணம், தமையனின் நோய், திருமணத்துக்கு முந்திய உயர்ந்த அளவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், பெற்றோரில் ஒருவர் வழியாக வரும் பரம்பரைக் கோளாறு என்று ஐயுறக் காரணமுண்டு. இது ஏறத்தாழ இருநூற்றைம்பது பேரில் ஒருவருக்கு உள்ளது, வளர்ந்தவரின் எல்.டி.எல். அளவு 190 மில்லிகிராமைத் தாண்டி நின்றால் வைத்தியர்கள் இதனை நினைப்பார்கள். இத்தகைய பெண்களுக்கும், நெஞ்சுநோவோ வேறு இருதய நோயோ இல்லாதவிடத்து, பாலூட்டும் காலத்தில் மருந்தை நிறுத்திவைப்பதே பெருவழக்கு. ஆயினும், எத்தனை மாதம் நிறுத்துவது என்பதைத் தானே தீர்மானிக்காது வைத்தியரோடு பேசிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, பின் இரண்டு வயதளவும் பிற ஆகாரத்தோடு தொடர்வது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தகப்பனைப் போன்று அபாயம் மிகுந்த குடும்பத்தவள் இரண்டாண்டையும் நிரப்பவேண்டும் என்றில்லை. முதலாம் ஆண்டோடு நிறுத்தி மருந்துக்குத் திரும்பலாம். அடுத்த பிள்ளையை எப்போது பெறுவது என்பதும் இதனோடு சேர்ந்த கேள்வி. ஒன்றன்பின் ஒன்றாகக் கர்ப்பமும் பாலூட்டலுமாக ஆறேழு ஆண்டுகள் மருந்தின்றிக் கழிந்துவிடுதல் இத்தகையோருக்கு நல்லதன்று.

அந்த 312 என்ற எண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். வீட்டைக் கலக்கியது அதுவே. அதிற் பாதிதான் உண்மை. கர்ப்ப காலத்தில் எல்லாப் பெண்களுக்கும் கொலஸ்ட்ரோல் ஏறும். கடைசி மூன்று மாதங்களில் நூற்றுக்கு 25 முதல் 50 வரை கூடுவது இயல்பு. டிரைகிளிசரைட் என்னும் மற்றக் கொழுப்பு இரண்டு மூன்று மடங்காவதும் உண்டு. பிள்ளை பிறந்ததும் இவை ஒரேநாளில் இறங்கிவிடுவதில்லை, எல்.டி.எல். இறங்கச் சில மாதங்கள் செல்லும். ஐந்தாம் கிழமையிற் செய்த பரிசோதனை, வெள்ளம் வடியுமுன் கிணற்றின் ஆழம் பார்த்தது போன்றது. மூன்று நான்கு மாதங்களின் பின் மீண்டும் பார்க்கும்போதே சரியான அளவு தெரியவரும். அப்போதும் கூடியிருந்தால் தைரொயிட் சுரப்பியையும் சேர்த்துப் பரிசோதிக்கும்படி கேட்பது நன்று. பிள்ளைப்பேற்றின் பின் சில பெண்களுக்கு அச்சுரப்பி மந்தப்படுவதுண்டு. அதனாலும் கொலஸ்ட்ரோல் ஏறும். அதற்குரிய குளிசையைப் பாலூட்டும் தாய் அச்சமின்றி எடுக்கலாம். டிரைகிளிசரைட் ஆயிரத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் விடயம் வேறு. கணையத்தில் அழற்சி வரக்கூடும். கடும் வயிற்றுநோவு கண்டால் உடனே வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும்.

பாலூட்டும்போது கொலஸ்ட்ரோலுக்கு எந்த மருந்தும் இல்லையா? உண்டு. கொலஸ்டிரமின், கொலிசெவலாம் என்பன குடலிலேயே நின்று பித்தத்தைப் பற்றிக்கொண்டு வெளியேறுபவை. அவை இரத்தத்துக்குட் செல்லாமையாற் பாலுக்குஞ் செல்லா. மலச்சிக்கல் உண்டாக்குவதும், விற்றமின் ஏ, டீ, ஈ, கே ஆகியவற்றைத் தாயின் உடல் ஏற்காது தடுப்பதும் அவற்றின் குறைகள். பேற்றின் பின் கிளினிக்கிற் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசை போன்றவற்றை இவற்றோடு ஒரே நேரத்தில் விழுங்கினாற் பயன் குன்றும். ஒரு மணி முன்னதாகவோ நாலைந்து மணி பின்னதாகவோ எடுக்க வேண்டும். எசெற்றிமைப், ஃபைபிரேட் வகைகள் பாலூட்டும் தாய்க்கு உகந்தனவாகக் கொள்ளப்படவில்லை.

இன்னுமொன்று. ‘இயற்கை மருந்து, பக்க விளைவில்லை’ என்ற விளம்பரத்தோடு சிவப்பு நொதியரிசி மாத்திரைகள் வெளிநாடுகளிலிருந்து உறவினர் மூலம் வந்து சேர்கின்றன. அவ்வரிசியில் உண்டாகும் முக்கியமான பொருள் லோவாஸ்டாட்டினேதான். குளிசைக்குப் பயந்து அதனை எடுப்பவள், அளவு தெரியாத அதே மருந்தையே எடுக்கின்றாள்.

பத்தியச் சாப்பாட்டைப் பற்றி அம்மையார் கேட்கவில்லை, நாமே கேட்டோம். சரக்குக் கறி, உள்ளி, முருங்கையிலை, பால்சுறா எல்லாம் நடந்ததாம். அவற்றில் மாற்றவேண்டியது எதுவுமில்லை. ஆனால், ‘பிள்ளைப்பெற்ற உடம்பு’ என்று நாள்தோறும் மூன்று முட்டையும் நெய்யும் கட்டித் தேங்காய்ப்பாலும் இத்தகைய குடும்பத்தவளுக்கு வேண்டியதில்லை. குரக்கன், பயறு, கீரை, சூடை மீன் போன்றவை போதும். பாலூட்டுவதற்கென ஏறக்குறைய ஐந்நூறு கலோரி நாளொன்றுக்கு மேலதிகமாகச் செலவாகின்றமையாற் பட்டினி கிடந்து மெலியவும் முயலலாகாது. பாலூட்டிய பெண்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் சற்றுக் குறைவாகவே வருகின்றது என்று ஆய்வுகள் காட்டுவதையும் சொன்னோம். அவ்வளவு நேரம் விசும்பிக்கொண்டு பக்கத்திலிருந்த மகள், அதைக் கேட்டுத்தான் தொலைபேசியைத் தன் கையில் வாங்கினாள்.

நின்ற பாலை மீட்கலாமா என்பதே அவள் கேட்டது. ஒரு கிழமைக்குட்பட்ட இடைவெளி பெரிதன்று. நாளொன்றுக்கு எட்டு முதற் பன்னிரண்டு தடவை வரை பிள்ளையை மார்பில் விடவேண்டும், இரவிலும் விடவேண்டும். மார்பு கட்டியிருந்தாலும் அந்தப் பக்கத்தையும் ஊட்டலாம். ஊட்டாது விடுவதே அதனைக் கூட்டும். இடையிற் கொடுக்கும் பாலைப் போத்தலிற் கொடாது, சிறு கோப்பையாற் கொடுத்தாற் பிள்ளை மார்பை மறவாது. பெரிய அரசினர் வைத்தியசாலைகள் சிலவற்றிற் பாலூட்டலுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஊரிற் குடும்ப நல மாது வீட்டுக்கே வருவார். நம் நாட்டிலே 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் ஒன்றையே பெற்றனர். அதன் பின்னே இந்த மாதரின் கால்நடை இருக்கின்றது.

மூன்று கிழமை கழித்து அம்மையாரிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. இம்முறை தாளின் ஒருபுறமே எழுதியிருந்தார். காய்ச்சல் இரண்டு நாளில் ஆறியதாம். பிள்ளை முதல் இரண்டு நாளும் முகத்தைத் திருப்பி அழுது, மூன்றாம் நாள் பிடித்ததாம். பெட்டிப் பால் நின்றுவிட்டது. கிளினிக் வைத்தியர் அவளை இருதயப் பிரிவுக்கு அனுப்ப, அங்கே நெஞ்சையும் பரிசோதித்து, நான்காம் மாதத்தில் இரத்தப் பரிசோதனைக்கு வரும்படி சொல்லிக் குளிசையை அதுவரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். தமையனின் பிள்ளைகள் இருவரையும் பரிசோதனைக்குக் கூட்டிவரும்படியும் சொன்னார்களாம். அதனை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்த அன்றே எவராவது சொல்லியிருக்கவும் வேண்டும்.

கடிதத்தின் அடியிற் புதிய கேள்வியொன்றும் இருந்தது. பேரனுக்கும் இது வந்திருக்குமா? தாய்க்கு இந்தக் கோளாறு உறுதியானால், பிள்ளைக்கு வருவதும் வராததும் சரிபாதி. பால் குடிப்பதாற் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அது கருவிலேயே தீர்ந்த காரியம். இப்போது அந்தச் சிறு கையில் ஊசி குத்தத் தேவையில்லை. பத்து வயதுக்கு முன் ஒருமுறை பரிசோதித்தாற் போதும். இருந்தால், காலத்தோடு தொடங்கும் மருந்து பாட்டனாருக்குக் கிடைக்காத ஆண்டுகளைப் பேரனுக்குக் கொடுக்கும். பத்தாண்டுக்குள் யாரும் மறந்துவிடக்கூடும் என்பதாற் பிள்ளையின் கிளினிக் புத்தகத்து முதற் பக்கத்திலேயே எழுதிவைக்கச் சொன்னோம்: தாயின் தகப்பன், மாரடைப்பு, வயது 42.